ஆக்ஸ்போர்டில் ஒரு வீடு

கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டு நகரில் மருத்துவமனையொன்றில் பணிபுரிகிறார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் உடன் இருக்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் மூன்று வாடகை வீடுகள் மாறிவிட்டார்களாம். இப்போது சொந்தமாக ஒரு வீடு வாங்க நாடுகிறார்கள். கையிலுள்ள பணம் போதாது. வங்கியில் வட்டிக்குக் கடன் வாங்கினால்தான் ஆகும். “ஐரோப்பாவில் வாழும் முஸ்லிம்களுக்கு இது கூடும் என்று பெரிய ஆலிம்கள் பத்வா கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?” என்பது முதல் கேள்வி. “கொஞ்சம் பெரிய வீடாக வாங்கி, இரண்டு அறைகளைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டால் தவணை தானாக அடைந்துவிடும், அதில் தவறுண்டா?” என்பது இரண்டாவது. கடிதத்தின் ஓரத்தில், பிறகு நினைவு வந்து எழுதியது போல், மூன்றாவதாக ஒன்று: “முன்பணத்திற்காக, மகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் மனையை விற்கலாமா?”

இதுபோன்ற கேள்விகள் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் பல வீடுகளிலிருந்தும் வருகின்றன. கேள்வி பதில் பகுதியில் ‘கூடும்’, ‘கூடாது’ என்று இரண்டு வரியில் முடிக்கக்கூடிய விஷயம் அல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொந்த வீட்டை விரும்புவது உலக ஆசை என்று இகழத்தக்கதன்று. வீடுகளை நீங்கள் அமைதி கொள்ளும் இடமாக ஆக்கித் தந்தேன் என்ற கருத்தில் அல்லாஹுத்தஆலா ‘அந்நஹ்ல்’ சூராவில் தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டுகிறான். முஹாஜிர்களில் ஏழை என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவரிடம், ‘உமக்கு மனைவி உண்டா? குடியிருக்க வீடு உண்டா?’ என்று ஹள்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் விசாரித்தார்கள். இரண்டும் உண்டு என்றதும், ‘அப்படியானால் நீர் செல்வந்தர்’ என்று தீர்ப்புச் சொன்னதாக முஸ்லிம் ஷரீபில் காண்கிறோம். நம் பிக்ஹு நூல்களைப் பாருங்கள். ஒருவன் குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. தகுதிக்கேற்ற வீடு ஒன்று இருக்கிறது என்பதற்காக ஏழை ஜகாத் வாங்கும் தகுதியை இழப்பதுமில்லை. உடுத்தும் துணியைப் போல அதையும் இமாம்கள் தேவைக் கணக்கில் வைத்தார்கள்.

அதே வீட்டை, வாங்கும்போதே ‘விலை ஏறியதும் விற்றுவிடலாம்’ என்ற நிய்யத்தோடு வாங்கினால் என்ன ஆகிறது? வியாபாரச் சரக்கு ஆகிவிடுகிறது. ஆண்டுதோறும் அதன் பெறுமதியில் நூற்றுக்கு இரண்டரை ஜகாத் விழும். செங்கல் அதேதான், சுண்ணாம்பு அதேதான். மாறியது மனத்திற்குள் இருந்த எண்ணம் ஒன்றுதான். அந்த எண்ணத்தை வைத்துத்தான் முதலிரண்டு கேள்விகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆக்ஸ்போர்டு போன்ற ஊரில் இந்த எண்ணத்தைச் சுத்தமாக வைத்திருப்பது மிகவும் சிரமம். ஏன் என்று சொல்கிறேன்.

ஆக்ஸ்போர்டில் 1096ஆம் ஆண்டிலேயே பாடம் நடந்ததற்குச் சான்று உண்டு. ஆங்கிலம் பேசும் உலகில் அதற்கு மூத்த பல்கலைக்கழகம் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஊரின் நடுவே பழைய கற்கட்டடங்களில் இருக்கின்றன. ஊரிலும் சுற்றுப்புறத்திலும் ஏராளமான நிலம் அவற்றுக்குச் சொந்தம். தேம்ஸ், செர்வெல் என்ற இரண்டு ஆறுகளின் வெள்ளப் படுகைகளில் வீடு கட்ட முடியாது. ஊரைச் சுற்றிப் ‘பசுமை வளையம்’ என்று சட்டத்தால் காக்கப்பட்ட வெளி இருப்பதால் நகரம் விரியவும் முடியாது. பழைய பல்கலைக்கழகத்தோடு இன்னொரு பல்கலைக்கழகமும் அங்கு உண்டு. பெரிய மருத்துவமனைகள் உண்டு. இலண்டன் ஒரு மணி நேர ரயில் தூரம். ஆள் பெருகுகிறது, இடம் பெருகவில்லை. ஆகவே சராசரி வீட்டின் விலை நான்கு இலட்சம் பவுனைத் தாண்டிவிட்டது. அது ஒருவரின் ஆண்டு ஊதியத்தைப் போல் பத்து மடங்கிற்கும் மேல். அங்கே வீடு வாங்கியவரிடம் பேசிப் பாருங்கள். ‘இப்போது என்ன விலை போகும் தெரியுமா?’ என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடும்.

நம் முஸ்லிம்கள் அந்த ஊருக்குப் புதியவர்கள் அல்லர். கார்த் தொழிற்சாலையிலும் பேருந்துகளிலும் வேலை தேடி வந்த பாகிஸ்தானியரும் வங்காளிகளும் ஊரின் கிழக்குப் பகுதியில், கவ்லி சாலையை ஒட்டிக் குடியேறினார்கள். அங்குள்ள மத்தியப் பள்ளிவாசல் இருக்கும் தெருவுக்கு ‘மன்ஸில்’ என்று பெயர். குடியிருக்கும் வீடு என்றுதான் அதற்குப் பொருள்! 1985இல் தொடங்கப்பட்ட இஸ்லாமிய ஆய்வு மையம் குவிமாடமும் மினாராவும் கொண்ட தன் சொந்தக் கட்டடத்தில் இயங்குகிறது. தொழப் பள்ளி, பிள்ளைகளுக்கு ஓதக் கொடுக்க ஆள், ஹலால் இறைச்சிக் கடை எல்லாம் உள்ள ஊர். அங்கேயே தங்கிவிட வேண்டும் என்று ஒரு குடும்பம் விரும்பினால் அதில் வியப்பில்லை.

இனி வட்டிக் கடன் விஷயத்துக்கு வருவோம். கேள்விப்பட்டது உண்மைதான். 1999ஆம் ஆண்டு அக்டோபரில் டப்ளின் நகரில் கூடிய ஐரோப்பிய பத்வா ஆய்வுக் குழு, வேறு வழியே இல்லாதபோது மார்ட்கேஜ் என்னும் அடமானக் கடனில் வீடு வாங்க அங்குள்ள முஸ்லிம்களுக்கு அனுமதி உண்டு என்று பெரும்பான்மைக் கருத்தாக அறிவித்தது. யூசுப் அல்கர்ளாவி அவர்கள் அப்போது அதன் தலைவராக இருந்தார்கள். அவர்கள் எடுத்த ஆதாரங்கள் இரண்டு. தேவை சில வேளைகளில் நிர்ப்பந்தத்தின் இடத்தில் வைக்கப்படும் என்ற பிக்ஹு விதி ஒன்று. முஸ்லிம் ஆட்சிக்கு வெளியேயுள்ள நாட்டில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் பற்றி இமாம் அபூஹனீபா (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோர் கொண்ட கருத்து மற்றொன்று.

ஆனால் அதற்கு முன்பே, 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு சபை, வீடு வாங்க வட்டிக்குக் கடன் தரும் முறை வட்டி குறைவானாலும் கூடுதலானாலும் ஹராம் என்று தீர்மானித்திருந்தது. இரண்டாவது ஆதாரமும் அவ்வளவு எளிதில் நிற்பதில்லை. இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களே அதில் தம் ஆசிரியருக்கு மாறுபட்டார்கள். ஹனபி மத்ஹபின் பெரும் அறிஞர் இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்கள், முஸ்லிம் கூடுதலைப் பெறும் நிலைக்குத்தான் அந்தக் கருத்துப் பொருந்தும் என்று விளக்கியிருக்கிறார்கள். மார்ட்கேஜில் கூடுதலைக் கொடுப்பவன் முஸ்லிம்! நான்கு இலட்சம் பவுன் கடனை ஐந்து சதவீத வட்டியில் 25 ஆண்டுகளில் அடைப்பதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 2,300 பவுனுக்கு மேல் கட்ட வேண்டும். கடைசியில் வட்டி மட்டும் மூன்று இலட்சம் பவுனைத் தாண்டுகிறது. ஷாபிஈ மத்ஹபில் இந்த நாட்டு வேற்றுமைக்கே இடமில்லை. எங்கு நடந்தாலும் வட்டி வட்டிதான். வட்டி உண்பவனை மட்டுமல்லாமல் கொடுப்பவன், எழுதுபவன், சாட்சி நிற்பவன் அனைவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சமமாக வைத்துச் சபித்தார்கள் என்ற ஹதீஸ் நம் கண்முன் இருக்கிறது.

ஆக நிற்பது முதல் ஆதாரம் ஒன்றுதான்: தேவை. பத்வா கொடுத்தவர்களும் கதவை அகலத் திறந்து விடவில்லை. வீடு தானும் தன் குடும்பமும் குடியிருக்க வேண்டியதாக இருக்க வேண்டும். போதுமான வேறு வீடு இருக்கக் கூடாது. வேறு வகையில் வாங்குவதற்கான உபரிச் செல்வம் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஷரீஅத்துக்கு உகந்த மாற்று வழிகளைத் தேட வேண்டும். பத்வாவை ஆர்வத்தோடு எடுத்துக்காட்டுகிறவர்கள் இந்த நிபந்தனைகளை அதே ஆர்வத்தோடு சொல்லக் கேட்டதில்லை.

தேவை என்று அவர்கள் எண்ணியதில் வாடகைக் குடித்தனத்தின் நிலையாமைக்குப் பெரிய இடம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. 1988ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம், எந்தக் காரணமும் சொல்லாமல் இரண்டு மாத அறிவிப்பில் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்கு இடம் தந்தது. பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளோடு சாமான்களைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வீடு பார்ப்பது எத்தகைய துன்பம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். கடிதத்திலுள்ள மருமகள் மூன்று முறை பட்டிருக்கிறார். ஆயினும் 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், காரணமின்றி வெளியேற்றும் அந்த வழியை அடைக்கிறது. எந்தக் காரணத்தின் மேல் ஒரு சலுகை நிற்கிறதோ அந்தக் காரணம் தளரும்போது சலுகையும் தளரும் என்பது மதரஸாவின் தொடக்க வகுப்பு மாணவனும் அறிந்தது. 1999இல் எழுதிய பத்வாவை வேறொரு சட்டத்தின் கீழ் அப்படியே நீட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மாற்று வழியும் அங்கே இல்லாமலில்லை. 1997இல் குவைத் வங்கியொன்று இலண்டனில் ‘மன்ஸில்’ என்ற பெயரிலேயே வட்டியில்லாத வீட்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வங்கி வாங்கும்போது ஒரு முறை, பிறகு குடியிருப்பவருக்கு மாற்றும்போது இன்னொரு முறை என்று இரண்டு தடவை முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருந்த தொல்லையை 2003ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் நீக்கியது. 2004இல் பர்மிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்டு ஓர் இஸ்லாமிய வங்கியே தோன்றியது. முறை இதுதான்: வங்கியும் நீங்களும் கூட்டாக வீட்டை வாங்குகிறீர்கள். வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக விலைக்கு வாங்குகிறீர்கள். பங்கு குறையக் குறைய வாடகையும் குறையும். கடைசியில் வீடு முழுவதும் உங்களுடையது.

“எல்லாம் ஒன்றுதானே மவ்லவி, பெயர்தானே வேறு” என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்த வாடகையைச் சந்தை வட்டி விகிதத்தைப் பார்த்து நிர்ணயிக்கிறார்கள் என்பது உண்மை. எனக்கும் அது உவப்பாக இல்லை. ஆனால் கைபரிலிருந்து உயர்ந்த பேரீச்சம்பழத்தைக் கொண்டுவந்தவர், மட்டரகப் பழத்தில் இரண்டு மரக்கால் கொடுத்து இதில் ஒன்று வாங்கினேன் என்றபோது, பெருமானார் (ஸல்) என்ன செய்தார்கள்? அதைத் தடுத்துவிட்டு, மட்டரகத்தைத் திர்ஹத்துக்கு விற்று அந்தப் பணத்தில் நல்லதை வாங்கும்படி கற்றுக் கொடுத்தார்கள். கையில் வந்து சேர்வது அதே பழம். வந்த வழி வேறு. வழிக்கு மார்க்கத்தில் மதிப்பில்லை என்றால் நிகாஹுக்கும் மதிப்பில்லை என்றாகிவிடும். இந்தத் திட்டங்களில் முன்பணம் கூடுதலாகக் கேட்கிறார்கள், தருகிற நிறுவனங்களும் சிலதான் என்பது மெய். சிரமம் இருக்கிறது என்பது வேறு, வழியே இல்லை என்பது வேறு.

இன்னொரு வழியும் உண்டு. அதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. டிட்காட், பிஸ்டர், பேன்பரி என்று ரயிலிலோ பேருந்திலோ வந்து போகும் தூரத்தில் ஊர்கள் இருக்கின்றன. ஆக்ஸ்போர்டின் விலை அங்கே இல்லை. மதீனாவின் ஓரத்தில் குடியிருந்த பனூ ஸலிமா கூட்டத்தார் தங்கள் வீடுகளை விற்றுவிட்டு மஸ்ஜிதுந் நபவிக்கு அருகே வர நாடினார்கள். இதைவிடச் சிறந்த நாட்டம் ஒன்று உண்டா? அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். நடந்து வரும் காலடிகள் எழுதப்படுகின்றன என்று ஆறுதல் கூறினார்கள். மதீனாவின் புறப்பகுதி வெறிச்சோடிப் போவதை அவர்கள் விரும்பவில்லை என்றும் புகாரி ஷரீபில் வருகிறது. நபியின் பள்ளிக்கு அருகிலிருப்பதே கட்டாயத் தேவையாக ஆகவில்லை என்றால், ஆக்ஸ்போர்டு என்ற முகவரி எப்படித் தேவையாகும்? இங்கே தகப்பனார்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ‘பையன் ஆக்ஸ்போர்டில் வீடு வாங்கிவிட்டான்’ என்று சம்பந்தம் பேசும் வீட்டில் சொல்லிக்கொள்வதற்காகப் பிள்ளையை 25 ஆண்டுக் கடனில் தள்ளுகிறவர்கள் நம்மிடையே இல்லையா?

என் கருத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன். மருத்துவமனையில் ஊதியம் பெறும், வாடகை கொடுக்கச் சக்தியுள்ள, இரண்டு மாற்று வழிகள் திறந்திருக்கும் இந்த மகனுக்கு அந்த பத்வா பொருந்தாது. எவரோ ஒருவர் எந்த வழியும் அகப்படாமல் அந்த ஆலிம்களின் சொல்லை நம்பி வாங்கியிருந்தால், அவரை வட்டிக்காரர் என்று பள்ளிவாசலில் ஏசுவதற்கும் நமக்கு உரிமை இல்லை.

மாணவர்களுக்கு அறை விடுவதைப் பார்ப்போம். வாடகைக்கு விடுதல் ஹலால். அதில் ஐயமில்லை. மனைவி மக்கள் இருக்கும் வீட்டில் அந்நிய ஆண்களைக் குடிவைப்பதிலுள்ள பேணுதலை நான் நினைவூட்டத் தேவையில்லை. நான் கேட்பது வேறு. தவணையைக் கட்டுவதற்காகவே இரண்டு அறை கூடுதலாக உள்ள வீட்டை வட்டிக் கடனில் வாங்கினால், அந்த இரண்டு அறைகளும் எந்தத் தேவையின் பெயரால் வாங்கப்படுகின்றன? குடும்பத்துக்கு அவை வேண்டியதில்லை. அவை சம்பாத்தியத்துக்கு. பத்வா கொடுத்தவர்களே மூடிவிட்ட வாசல் இது.

வட்டி கலவாமல் வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிந்தனை மிஞ்சுகிறது. அந்த அறைக்கு அவ்வளவு வாடகை எதனால் வருகிறது? சுவரினால் வரவில்லை. கல்வி தேடி வருகிறவன் அங்கே வந்துதான் ஆக வேண்டும் என்பதால் வருகிறது. இது அந்த ஊருக்குப் பழைய வழக்கு. 1209இல் ஊராருக்கும் கல்வியாளருக்கும் பகை மூண்டு மாணவர் சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். அஞ்சி ஓடியவர்களில் சிலர் கேம்பிரிட்ஜில் போய்த் தங்க, அங்கு இன்னொரு பல்கலைக்கழகம் உண்டாயிற்று. 1214இல் போப்பின் தூதர் செய்த சமரசத்தில் ஊராருக்கு விதிக்கப்பட்டது என்ன தெரியுமா? மாணவர் குடியிருக்கும் வீடுகளின் வாடகையைப் பத்து ஆண்டுகளுக்குப் பாதியாகக் குறைக்க வேண்டும்! எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வாடகை அங்கே இரத்தப் பகையின் தீர்வில் இடம்பெற்றுவிட்டது. நம் காலத்திலும் குடும்ப வீடுகள் வரிசையாக மாணவர் விடுதிகளாக மாறுவதைப் பார்த்து, 2012 முதல் அப்படி மாற்ற முன் அனுமதி வேண்டும் என்று அந்த நகராட்சி வைத்திருக்கிறது.

இபாதத்துக்காக வந்துதான் ஆக வேண்டிய ஊர் மக்கா. அங்கே வீட்டு வாடகை பற்றி நம் இமாம்கள் விவாதித்திருக்கிறார்கள். வந்து இறங்குகிறவர்களுக்காக வீடுகளுக்குக் கதவு வைக்க வேண்டாம் என்று ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக அறிவிப்பு உண்டு. ஹஜ்ஜுக் காலத்தில் மக்கா வீடுகளை வாடகைக்கு விடுவதை இமாம் அபூஹனீபா (ரஹ்) வெறுத்தார்கள். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களோ அவை உரியவர்களின் சொத்து, விற்கவும் வாடகைக்கு விடவும் கூடும் என்று இமாம் இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி (ரஹ்) அவர்களோடு வாதிட்டு நிறுவினார்கள். ஆக்ஸ்போர்டு மக்கா அல்ல. சட்டத்தை அங்கிருந்து இங்கே தூக்கி வைக்க நான் வரவில்லை. வந்தே ஆக வேண்டியவனின் கட்டாயத்தை விலையாக்குவது இமாம்களில் சிலருக்கு உறுத்தியது என்பதை மட்டும் கவனியுங்கள். பக்தாதின் நிஜாமிய்யாவும் அஸ்ஹரின் ரிவாக்குகளும் வக்பு சொத்தால் மாணவருக்குத் தங்க இடம் கொடுத்தன. நாங்கள் ஓதிய காலத்திலும் எவரும் எங்களிடம் வாடகை கேட்டதில்லை.

இந்த இடத்தில் நாயகத்தின் ஊழியரான ஹள்ரத் அபூராபிஉ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஹள்ரத் ஸஅத் (ரலி) அவர்களின் வளவுக்குள் அபூராபிஉக்கு இரண்டு அறைகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஅதிடம் வந்து கேட்டார். ஸஅத் முதலில் மறுத்தார். உடனிருந்த மிஸ்வர் (ரலி) வற்புறுத்திய பின், ‘நாலாயிரத்துக்கு மேல் தரமாட்டேன், அதுவும் தவணையில்தான்’ என்றார். அபூராபிஉக்கு வெளியாளிடம் 500 தீனார் கேள்வி வந்திருந்தது. அக்காலக் கணக்கில் ஏறக்குறைய ஐயாயிரம் திர்ஹம். அண்டை வீட்டான் தன் அண்மையால் அதிக உரிமை உடையவன் என்று நபி (ஸல்) சொல்லக் கேட்டிராவிட்டால் நாலாயிரத்துக்குக் கொடுத்திருக்கமாட்டேன் என்று சொல்லி, ஸஅதுக்கே கொடுத்துவிட்டார். இதைக் கொண்டு ஹனபிகள் அண்டை வீட்டாருக்கு முன்னுரிமை உண்டு என்கிறார்கள். ஷாபிஈகள் அதைச் சட்ட உரிமை என்று கொள்ளாமல் நல்லுறவு என்று கொள்கிறார்கள். எப்படிக் கொண்டாலும், வீட்டை விற்கும்போது எட்டும் உச்ச விலையை வாங்கியே தீர வேண்டும் என்ற எண்ணம் அந்த ஸஹாபியிடம் இருக்கவில்லை. தவணையில் வீடு வாங்க வட்டி வேண்டியதில்லை என்பதையும் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே அறை விடுகிறவர் விடட்டும். தெருவில் எல்லோரும் வாங்குகிற தொகை என்ன என்று விசாரிப்பதற்கு முன், தமக்குக் கட்டுப்படியாகும் தொகை என்ன என்று கணக்குப் பார்க்கட்டும். ஏழை மாணவன் ஒருவன் வந்தால் அந்தக் கணக்கு பயன்படும்.

கடிதத்தின் ஓரத்தில் எழுதிய கேள்விதான் மீதி. கடற்கரை ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக் கொடுப்பது வழக்கம். அந்த மனை அதற்காகத்தான் இருந்திருக்கும். அதை மகள் பெயருக்கு எழுதி அவள் கைவசமும் கொடுத்துவிட்டாரா, அல்லது மனத்தளவில்தான் ஒதுக்கினாரா என்பதைத் தகப்பனார் சொல்லவில்லை. எழுதிக் கைவசம் கொடுத்திருந்தால், ஹனபி மத்ஹபில் அதைத் திரும்பப் பெற அவருக்கு வழியில்லை. ஷாபிஈ மத்ஹபில் தந்தைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புச் செய்துவிட்டுச் சாட்சியாக இருக்கும்படி வேண்டிய நுஃமானின் தந்தை பஷீரிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்றதும் சாட்சி நிற்க மறுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். மனத்தளவில் ஒதுக்கியதானாலும், மகளுக்குரியதை எடுத்து மகனுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தச் சபையை நினைத்துப் பார்க்க வேண்டும். மகனுக்குக் கடனாகக் கொடுப்பதானால் எழுத்தில் கொடுக்கட்டும், திருப்பும் நாளையும் குறிக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு என்ன வயது, நிகாஹ் ஆகிவிட்டதா, இதுபற்றி அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதும்படித் தகப்பனாரைக் கேட்டுக்கொள்கிறேன்.